வெள்ளாற்று மணல்

எதிர்வீட்டு வாசலில் லாரி கொட்டிவிட்டுப் போன ஆற்றுமணலின் ஈரவாசம் காலையிலிருந்து என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. எழுபதுகளில், பெரம்பலூருக்கு வடக்கே எங்கள் ஊரில், கோடை வந்தால் வெள்ளாறு வெறும் மணல்தான். அக்கரைப் பெண்களும் இக்கரைப் பெண்களும் ஆற்றுக்குள் ஊற்றுத் தோண்டிச் சுற்றி உட்கார்ந்திருக்க, ரெட்டியார் தெருவின் தெலுங்கும், பாய் வீடுகளின் உருதும், எங்கள் தமிழும், வெயில் ஏறுவதற்குள் குடம் நிறைய வேண்டுமே என்ற பதைப்பில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உரத்துக்கொண்டே போகும்.

குழியின் அடியில் மணல் கறுத்துத் தண்ணீர் கசியத் தொடங்கியதும் மூன்று மொழியும் சட்டென்று அடங்கிவிடும். எனக்கு மட்டும் கை சும்மா இராது. "கலக்காதடி, தெளியட்டும்" என்று அம்மா கொட்டாங்குச்சியால் என் புறங்கையில் தட்டுவாள்.

அந்த மணலைப் பிறகு லாரிகள் அள்ளிக்கொண்டு போயின. ஆற்றில் இப்போது களிமண்ணும் கருவேலமுள்ளும்தான்.

சாயங்காலம் பொறுக்கமுடியாமல் எதிர்வீட்டுக் குவியலில் முழங்கைவரை தோண்டினேன். உள்ளே மணல் கறுத்திருந்தது.

"என்னம்மா தேடுறீங்க?" என்றார் கொத்தனார்.

"கொஞ்சம் பொறுங்க, ஊறட்டும்" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் தோண்டினேன்.

நகத்தில் தார் ரோடு இடித்தது.