பிறவிக் குடலிறக்கமும் தரச்சான்றும்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தவன் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்று பேனாவை மூடியும் வைத்துவிட்டேன். போன வாரம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் என் பழைய கம்பெனியின் போர்டைப் பார்த்தேன். 'தரச்சான்று பெற்ற மருத்துவக் காப்பீடு' என்று ஆள் உயரத்துக்கு எழுத்து. வயிறு எரிந்தது. உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் தனியார் கம்பெனிகள் காப்பீடு விற்க எங்கள் பக்கம் வந்த சமயம். நானும் ஒரு ஏஜெண்டு. கரிசல்காட்டு வெயிலில் டை கட்டச் சொன்னார்கள், கட்டினேன். ஆடுகளே மிரண்டு ஓடின. எட்டயபுரம் போகிற வழியில் ஆடு வைத்திருக்கும் என் சிநேகிதன் தலையில்தான் முதல் பாலிசியைக் கட்டினேன், அவனுடைய அய்யா பேரில். "ஆஸ்பத்திரியில அட்டையக் காட்டுனா போதும்லே, ராஜ மரியாதை" என்று அளந்துவிட்டேன்.

அடுத்த மழைக்கு உரமூட்டையைத் தூக்கும்போது அய்யாவுக்குக் குடல் இறங்கிவிட்டது. அடிவயிற்றில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆட்டுக்குப் பின்னால் நடந்தார். திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். கம்பெனி சரி என்றால்தான் கத்தியை எடுப்பார்களாம்.

"எவ்வளவு நாளா இருக்கு பெரியவரே?" என்று டாக்டர் கேட்டார்.

அய்யாவுக்கு எதைக் கேட்டாலும் நக்கல்தான். "பொறந்ததுல இருந்தே கூடத்தான் வருது சார். எம் பொண்டாட்டியே அதுக்குப் பெறகுதான் வந்தா."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே அதை எழுதியும் வைத்தார்.

கம்பெனியிலிருந்து சட்டென்று கடிதம் வந்தது. பிறந்ததிலிருந்தே இருக்கும் நோயாம், பாலிசிக்கு முந்தியதாம், அனுமதி கிடையாதாம்.

"சார், அது கேலிக்குச் சொன்னது" என்று மேனேஜரிடம் போய் நின்றேன்.

"கேலின்னு எங்க எழுதியிருக்கு?" என்றார் அந்தப் புத்திசாலி.

அந்த நேரம் பார்த்து, கம்பெனிக்குத் தரச்சான்று கொடுக்கலாமா என்று சோதிக்க மெட்ராஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மேனேஜர் சுவருக்கு வெள்ளையடித்தார். குறைகளைப் போட ஒரு பெட்டி மாட்டினார். பாலிசிதாரர் ஒருத்தரிடம் அவர்கள் பேச வேண்டுமாம், சாதுவான ஆளாகக் கூட்டி வரச் சொன்னார். அய்யா நடக்கிற நிலையில் இல்லை, அவருக்குப் பதிலாக நான் சிநேகிதனையே கூட்டிப் போனேன். எனக்கு மேனேஜர் முகம் போகிற போக்கைப் பார்க்க ஆசை. அவனுக்கோ நிஜமான நம்பிக்கை.

"ஏலே, அவிய மேனேஜருக்கும் மேலதான? சொன்னா அய்யாவுக்கு ஆபரேஷன் ஆயிரும்லா?"

"ஆகாம? வா பேசாம."

கண்ணாடி போட்டவர் கேட்க ஆரம்பித்தார். "கம்பெனி பதில் போட்டாங்களா?"

"போட்டாவ சார். ஒடனே போட்டாவ."

ஒரு டிக்.

"தமிழ்ல இருந்துச்சா?"

"ஆமா சார்."

இன்னொரு டிக்.

"காரணம் சொல்லியிருந்தாங்களா?"

"அந்தக் காரணந்தான் சார் தப்பு. எங்கய்யா வெளாட்டுக்குச் சொன்னத..."

"சொல்லியிருந்தாங்களா, இல்லையா?"

அவன் என்னைப் பார்த்தான். "சொல்லியிருந்தாவ" என்றான். அதற்கும் டிக்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், குடல் எறங்கிக் கெடக்கு. அதுக்கு ஒரு கட்டம் போடலையா?"

"தம்பி, முறை சரியா இருக்கான்னு பாக்கத்தான் வந்திருக்கோம். முடிவைப் பத்தி நாங்க கேக்கக் கூடாது."

எங்கள் ஊர்க் கமிஷன் கடையில் மிளகாய் வத்தலுக்குத் தரம் பார்க்கிறவர் சாக்குக்குள் தோள்வரைக்கும் கையை விட்டு, அடியில் கிடக்கும் வத்தலை எடுத்து ஒடித்து மோந்து பார்ப்பார். தும்மல் வந்தாலும் விடமாட்டார். இந்தப் படித்தவர்கள் சாக்கின் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, வத்தல் அருமை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இல்லை என்பதைச் சீக்கிரமாக, மரியாதையாக, நல்ல தமிழில் சொன்னால் அதற்குப் பெயர் தரம்.

சான்று வந்த அன்று ஆபீசில் எல்லாருக்கும் கடம்பூர் போளி. சான்று வந்ததால் இனிச் சேவை உயரும் என்று மேனேஜர் பேசினார். உயர்ந்தது அவர் நாற்காலிதான், புதுசாக வாங்கிப் போட்டிருந்தார். பேச்சு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "உன் சிநேகிதன் பாலிசி முடியப்போகுது, புதுப்பிச்சுட்டு வா" என்றார். வெட்கம் என்பது அந்தச் சோதனையில் ஒரு கட்டமாக இல்லையே.

அரசு ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்து, அய்யாவுக்கு ஒருவழியாக ஆபரேஷன் முடிந்திருந்தது. நான் போனபோது வராந்தாவில் பாயில் கிடந்தார். நக்கல் பேசத் தெம்பில்லை, என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் சிமிட்டினார். சிநேகிதன் அவருடைய தோளுக்கடியில் கையைக் கொடுத்து எழுப்பிக்கொண்டிருந்தான்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏலே, எங்க கம்பெனி தரச்சான்று வாங்கிருச்சு. பாலிசியப் புதுப்பிப்பமா?" என்றேன்.

"பேச்ச விட்டுட்டு அந்தப் பக்கம் பிடிலே, எங்கய்யாவுக்கு ஒண்ணுக்குப் போணும்."