எஸ்தரம்மாவின் மூலைக்கு வைத்த அளவு

அறை இருட்டினால் விளக்கைத் தானாக எரியவைக்கும் கருவியைச் சுவரில் பொருத்துவது அரை மணி நேர வேலை. எவ்வளவு இருட்டினால் எரிய வேண்டும் என்று அதன் திருகில் அளவு வைக்கத்தான் நாள் கணக்காகும். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்பதுகளின் கடைசியில் மலைமேல் தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், பெண்கள் முறத்தில் காப்பிக்கொட்டை பொறுக்கும் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். மூலையில் உட்காரும் வயதான எஸ்தரம்மாவின் முறத்தில், எடுத்தெறிய வேண்டிய கருப்புக் கொட்டை நிறையத் தங்கியது. வேலையை விட்டு நிறுத்தப்போவதாக, எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் சொன்னார். ரைட்டர் வந்து சுவிட்சைப் போடும்வரை இருட்டில் பொறுக்குகிறோம், அதனால்தான் என்று எஸ்தரம்மா முதலாளியிடமே முறையிட்டார். கருவி வரட்டும், அப்புறமும் கருப்பு தங்கினால் நின்றுகொள்ளட்டும் என்று தீர்ப்பானது.

உள்ளங்கை இருட்டு

முதல் நாள் நல்ல வெயில். எங்கள் வழக்கப்படி கருவியை உள்ளங்கையால் மூடி, விளக்கு எரிகிற இடத்தில் திருகை நிறுத்திவிட்டு மலையிறங்கினேன். மறுவாரம் ஆள் வந்தது. மூடுபனி கூடத்துக்குள்ளேயே புகுந்தும் விளக்கு எரியவில்லையாம். மறுபடி மலையேறினேன்.

ரைட்டர் என் கையைப் பார்த்துச் சொன்னார்: "எங்க ஊர் பனி உங்க உள்ளங்கை மாதிரி அத்தனை கருப்பா இருக்காதுங்க."

எரிந்து அணைந்தது

லேசாக இருட்டினாலே எரியும்படி திருகைக் கூட்டினேன். விளக்கு எரிந்தது; அந்த வெளிச்சம் கருவி மேலேயே விழ, விடிந்துவிட்டதென்று அது அணைத்தது. மறுபடி எரிந்தது, அணைந்தது. பெண்கள் முறத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். கருவிக்குத் தகரத்தில் மறைப்பு வைத்து, ஜன்னலைப் பார்க்கத் திருப்பிவிட்டேன்.

நான் ஏணியிலிருந்து இறங்கும்போது ஒருத்தி கேட்டாள்: "ஏனுங்க, நிமிசத்துக்கு ஒருக்கா மனசு மாறுற மாப்பிள்ளைய எங்க புடிச்சீங்க?"

மூலை இருக்கை

ஜன்னல் மங்குவதற்கு முன்பே மூலை மங்கிவிடும் என்றார் எஸ்தரம்மா. நியாயம்தான். அவர் தலைக்கு மேல் தனியாக ஒரு விளக்கு போட்டேன். பனி இறங்கிய ஒரு பகலில் அவர் இடத்திலேயே உட்கார்ந்து, முறத்தில் கருப்புக் கொட்டை என் கண்ணுக்குத் தப்பத் தொடங்கிய நேரத்தில் திருகை நிறுத்தினேன். அப்போது எனக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. விளக்குகள் எரிந்தன. மூலை பளிச்சென்று ஆனது.

அன்று மாலை எஸ்தரம்மா பொறுக்கிய கொட்டையை ரைட்டர் வெள்ளைத் துணியில் கொட்டிப் பரப்பினார். கருப்பு அப்படியே கிடந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. எஸ்தரம்மா முறத்தைத் தட்டிச் சுவரில் சாய்த்துவைத்தார்.

"நீ நொம்ப நல்லாத்தான் செஞ்சிருக்க கண்ணு," என்றார். "இருட்டுனு சொல்லிக்கிட்டு இன்னும் ரெண்டு வருசம் ஓட்டியிருப்பேன்."

நான் பொருத்தியவற்றில் அதற்குப்பின் ஒரு புகாரும் வராத கருவி அது ஒன்றுதான்.