மழையில் கூட்டம் கூட்டியவர்

பத்மலோஜினி அக்கா நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று நெளுக்குளத்திலிருந்து அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னபோது, வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் நம்பவில்லை. ஒரே அலுவலகத்தில் அவர் பொறியியலாளராகவும் நான் வரைபடம் வரைபவனாகவும் பல காலம் இருந்தோம். இப்படி மழை பெய்தால் அவர் வீட்டிலேயே இருக்கமாட்டாரே என்றுதான் மனம் சொன்னது.

அவருடைய மழைக்கூட்டங்களை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். வீதியை ஒரு அரச கந்தோர் உயர்த்தும், மழைத்தண்ணீர் ஓடும் கானை இன்னொன்று கட்டும், குளம் மூன்றாவதின் பொறுப்பு. நகரத்துக்குள் வெள்ளம் வந்தால் ஆளையாள் கைகாட்டுவார்கள். அக்கா மூன்று கந்தோர்க்காரரையும் மழைக்குள் கூப்பிட்டு, கடைத்தெருவிலிருந்து குளம்வரை தண்ணீரின் பின்னால் நடக்கவைத்தார். சப்பாத்து நனைகிறது என்று ஒருவர் முணுமுணுத்தார். “கதிரையில இருந்து கதைச்சா ஆளாளுக்குத் தங்கட வேலையைப் பற்றித்தான் கதைப்பினம். தண்ணிக்கு எந்தக் கந்தோரெண்டு தெரியாது” என்றார் அக்கா. புதிய வீதி வெள்ளத்தை மறித்து நிற்பதை அன்று எல்லோரும் கண்ணால் கண்டார்கள். வீதிக்குக் கீழே தண்ணீர் போகப் பெரிய மதகு அதற்குப் பிறகுதான் வந்தது.

கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த பள்ளக்காணியால்தான் அவர் பகை தேடிக்கொண்டார். எல்லோரும் சொல்வதுபோல நானும் வரைபடத்தில் அதை ‘வெறுங்காணி’ என்று எழுதியிருந்தேன். மண் நிரப்பிக் கடைகள் கட்டலாம் என்று முடிவாகும் நேரத்தில் அக்கா எழுந்தார்.

“வெறுங்காணி எண்டு சொல்லாதேங்கோ. மாரியில வந்து பாருங்கோ, ஆர் குடியிருக்கிறதெண்டு தெரியும். தண்ணியெண்ட அந்த ஆளை எழுப்பினா, நேரே இராசம்மா வீட்டுக்குள்ளதான் போய் இருப்பார்.”

இராசம்மாவின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து, அந்தக் காணிக்குக் கீழே சின்ன வீடொன்றில் இருந்தது. ஏற்கெனவே ஒவ்வொரு மாரிக்கும் அந்த வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கூட்டத்தில் சிரித்தார்கள், ஆனால் காணியை நிரப்பவில்லை. அதை இன்னும் ஆழமாக்கி, கான்களை அதற்குள் திருப்பினோம். அங்கே கடையொன்று எடுக்கக் காத்திருந்த அவருடைய தம்பி அக்காவோடு கதைப்பதை நிறுத்தினார். தம்பி பொங்கலுக்கும் வரவில்லை என்று ஒருநாள் தேத்தண்ணீர் குடிக்கும்போது அக்கா என்னிடம் சொன்னார்.

செத்தவீட்டன்றும் மழை விடவில்லை. வாசல் படலையில் தம்பி அழுதுகொண்டு நின்றார். இராசம்மா தெப்பமாக நனைந்தபடி வந்தார். இந்த மழைக்குள் ஏன் வந்தீர்கள் என்று தம்பி கேட்டார்.

“முன்னாடின்னா இந்த மழைக்குச் சாமானெல்லாம் கட்டில் மேல ஏத்திக்கிட்டு நிப்பேங்க. இன்னிக்கு வீட்டைப் பூட்டிட்டு வந்துட்டேன்.”

தம்பி தன் குடையை அவருக்குப் பிடித்து, அக்காவிடம் கூட்டிப்போனார்.

அக்காவின் நினைவாக நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: கொட்டும் மழையில் இராசம்மா வீட்டைப் பூட்டிவிட்டு வந்தார்.