கடலோரப் பள்ளிக்கு யாரும் கேட்காத டெண்டர்

திருவொற்றியூரில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. பழைய கட்டடத்தைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளைத் தகரக் கொட்டகையில் உட்கார வைத்திருந்தார்கள். தனியார் ஒருவர் புதிதாகக் கட்டி, பதினைந்து வருடம் பராமரிக்க வேண்டும் என்பது திட்டம். மாநகராட்சி அலுவலகத்தில் அதற்கான டெண்டர் ஆவணத்தை எழுதும் வேலை எனக்கு. படிப்பு முடித்து வந்த சூட்டில் கிடைத்த முதல் வேலை. ஜூனுக்குள் கட்ட ஆரம்பிக்காவிட்டால் பெற்றோர் டி.சி. வாங்கிவிடுவார்கள் என்று தலைமையாசிரியை முதல் நாளே சொல்லியிருந்தார்.

மூன்றே வாரத்தில் முடித்தேன். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்குமே என்று யோசித்து, நானாகவே ஒரு நிபந்தனையும் சேர்த்தேன்: கடலோரத்தில் ஐந்து பள்ளி கட்டி, பத்து வருடம் பராமரித்த அனுபவம் வேண்டும். எழுதியதும் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒப்பந்தக்காரர்களைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கச் சொல்லும் கூட்டத்தில் ராயபுரத்துக்காரர் ஒருவர் எழுந்தார்.

“இன்னாம்மா இது? இந்தத் திட்டமே இப்பதான் வந்துகீது. பத்து வருசமா கட்டிப் பாத்துக்கினு கீறவனுக்கு எங்க போறது? மாப்ள கேக்குறீங்க, ஏற்கெனவே அஞ்சு கண்ணாலம் பண்ணிருக்கணும்ன்றீங்க.”

அறையே சிரித்தது. அவர் சொன்னது சரி என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. சிரித்தவர்கள் முன்னால் ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. “நிபந்தனை மாறாது சார்” என்றேன்.

டெண்டரின் கடைசி நாள் மதியம் இணையதளத்தை ப்ரொஜெக்டரில் திறந்தோம். ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. மேலதிகாரி திட்டவில்லை. “திருத்தி மறுபடி போடும்மா” என்று எழுந்து போனார். மற்றவர்களும் சாப்பிடப் போனார்கள். நான் ஒப்பந்த ஊழியர். அவர்கள் சாப்பாட்டு மேசையில் எனக்கு எப்போதுமே இடம் இருந்ததில்லை. சுவரில் விழுந்திருந்த அந்தக் காலிப் பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ப்ரொஜெக்டரை அணைத்தேன்.

கோடை விடுமுறையில் பள்ளிக்கு நேரில் போனேன். தலைமையாசிரியையின் அறையில், காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா தன் மகளோடு நின்றிருந்தார். தலைமையாசிரியை என்னைக் காட்டி, “இவங்கதான் எழுதினவங்க. இவங்களையே கேளுங்க” என்றார்.

“இந்த வருசம் கட்டடம் வருமா, வராதா? அத்த மட்டும் சொல்லு கண்ணு.”

“வராதும்மா. மறுபடி டெண்டர் போட்டு முடிய ஜூன் தாண்டிடும். நான் எழுதினதுல தப்பு.”

“சரி வுடு, தப்பு பண்ணாதவங்க யாரு. ஆனா இவள இன்னொரு வருசம் அந்தத் தகரத்துல வேவ வுட முடியாது.”

தலைமையாசிரியை டி.சி. புத்தகத்தைத் திறந்தார். அந்தச் சிறுமி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிபந்தனையை எடுத்ததும் மறு டெண்டருக்கு மூன்று பேர் வந்தார்கள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். தங்கியிருந்த அறையில் நான் மட்டும். அம்மாவுக்குப் போன் போட்டால் “சாப்பிட்டியா?” என்பாள். கடைசியில் தலைமையாசிரியைக்கே போட்டேன்.

“நல்லதும்மா” என்றார். “ஆறாவதையும் ஏழாவதையும் இப்ப ஒண்ணா உக்கார வெச்சிருக்கோம். அவ்ளோ பேர்தான் மிச்சம். ஆமா, எத்தனை வகுப்பறை போட்டிருக்கீங்க?”

“பதினாலு” என்றேன்.