நகரும் பெட்டிகள்

ஆடிக் காற்று மாடி ஜன்னலைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் காற்றாலை ஆபீஸ் மேனேஜர் போன் செய்தார். "வே, உம்ம சாப்ட்வேர்ல பொட்டி தானா மறைஞ்சு போகுமா?"

போகாது என்றேன்.

"அப்ப இங்க ஸ்கிரீனப் பாத்துக்கிடுத அந்தப் பிள்ள பொய்தான் சொல்லுது. நேத்து அலாரத்தப் பாக்காம தூங்கிருக்கு. ஒரு காத்தாடியில கியர்பாக்ஸ் போச்சு. சீசன் நேரத்துல! இன்னைக்கோட அவள நிப்பாட்டிருதேன்."

நான் யோசிக்காமல் சொன்ன ஒரு பதிலில் யாரோ ஒரு பெண்ணுக்கு வேலை போவதா? "அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க, நான் நேர்ல வாரேன்" என்றேன்.

இணையத்தில் ஓடும் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. சங்கரன்கோவிலில் இதைச் சொன்னால், வீட்டிலேயே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். விளக்கத் தெம்பு இல்லை. பனவடலிசத்திரம் பக்கம் நிற்கும் காற்றாலைகளை ஆபீசில் இருந்தபடியே கவனிக்க ஒரு திரை செய்து கொடுத்திருந்தேன். காற்றின் வேகத்துக்கு ஒரு பெட்டி, மின் உற்பத்திக்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று, கோளாறு வந்தால் சிவக்கிற அலாரத்துக்கு ஒன்று. எந்தப் பெட்டியையும் இழுத்து இன்னொன்றின் பக்கத்தில் ஒட்டலாம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் மேலே இருப்பது மட்டும் தெரியும். அடியில் இருப்பதன் பெயர் ஓரத்தில் சின்னதாக நிற்கும். இழுக்கும்போதே அது எங்கே போய் உட்காரும் என்று ஒரு நீல நிழல் முன்கூட்டிக் காட்டும். அந்த நிழலைச் சரியாக விழ வைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. "பீரோவ நகத்தச் சொன்னா இடுப்பு வலிங்கீய, இங்கன நாள் பூரா நகத்திட்டுத்தான இருக்கீய" என்று மனைவி ஒருநாள் சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

பைக்கில் எதிர்காற்றில் போய்ச் சேர்ந்தபோது கண்ணெல்லாம் மண். அந்தப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராமல் சுவரோரம் நின்றிருந்தாள். குருவிகுளத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், டிப்ளமோ முடித்துக் கிடைத்த முதல் வேலை. அழுது முடித்த முகம்.

"என்னம்மா நடந்துச்சு?"

"நேத்து காலைல சிஸ்டத்தப் போட்டேன் சார். அலாரம் பொட்டி இல்ல. சார்கிட்டச் சொன்னேன். நெட் ஸ்லோவா இருக்கும், வரும் வரும்னாங்க."

மேனேஜர் எங்கோ பார்த்தார்.

திரையைப் பார்த்தேன். மின் உற்பத்திப் பெட்டி முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருந்தது. அலாரம் அதன் அடியில் கிடந்தது. அந்தச் சின்னத் திரையில் அதன் பெயர்கூட வலது ஓரத்துக்கு வெளியே போயிருந்தது. யார் அடுக்கியது? அந்த ஆபீஸில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே லாகின். ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பத்திலேயே தலைபாடாக அடித்துக்கொண்டேன். "நாங்க ஒரே குடும்பம் மாதிரிவே, எதுக்குத் தனித்தனியா?" என்றார் மேனேஜர். வீட்டில் திறந்தாலும் ஆபீஸில் வைத்தபடியே பெட்டிகள் இருக்க வேண்டும் என்று கேட்டதும் அவர்தான்.

சட்டென்று பொறி தட்டியது. "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை வீட்ல தொறந்தீயளா?"

"தொறந்தேனே! மச்சினன் வந்திருந்தான். நம்ம காத்தாடி எம்புட்டு கரண்டு போடுதுன்னு பெருசாக்கிக் காட்டுனேன். அசந்துட்டான்." சொல்லும்போதே முகம் மலர்ந்தது.

அவருடைய லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். அதிலும் அதே அடுக்கு. "வரைபடத்த இடது பக்கம் இழுங்க" என்றேன். இழுத்தார். அந்தப் பெண்ணிடம் ஆபீஸ் திரையைப் புதுப்பிக்கச் சொன்னேன். வரைபடம் இடது பக்கம் வந்து நின்றது.

மேனேஜர் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன்வே, இப்படி நகருத மாதிரி எதுக்குச் செஞ்சீரு?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "நகரணும்னு ஒத்தக்கால்ல நின்னது யாரு அண்ணாச்சி?"

"சரி சரி, விடும். அந்தப் பிள்ள வேலையப் பாக்கட்டும். இனிமே ஒரு பொட்டியும் அசையக் கூடாது. பூட்டிரும்." போன் வந்ததுபோல் எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பூட்டுவது பெரிய காரியமில்லை. நிரலில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். மாதக்கணக்கில் கழுத்து வலியோடு செய்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் செத்துப்போகும். கோபம்கூட வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

பூட்டுவதற்காக என் லேப்டாப்பைத் திறந்தபோது அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். "உக்காரும்மா. பூட்டுததுக்கு முன்னாடி உனக்கு எது எங்க வேணுமோ வச்சுக்கோ" என்றேன்.

"நானா சார்? சார் வைவாங்க."

"நான் சொல்லிக்கிடுதேன்."

பயந்து பயந்து மவுசைப் பிடித்தாள். அலாரம் பெட்டியை அடியிலிருந்து உருவி நடுவுக்கு இழுத்தாள். நீல நிழல் அதற்கு முன்னால் ஓடியது. கை நின்றுவிட்டது. கொஞ்சம் இடப்பக்கம் போனாள், நிழலும் போனது. மேலே போனாள், அங்கேயும் வந்தது.

"விழப்போற எடத்த முன்னாடியே காட்டுதே சார். நல்லாருக்கு."

அவ்வளவு நாளில் ஒருவர்கூட அதைக் கவனித்ததில்லை. "ஆமா" என்றேன்.

அவள் பெட்டியை நடுவில் விட்டுவிட்டு மவுசிலிருந்து கையை எடுத்தாள். நான் பூட்டினேன்.