கும்பிடும் நேரத்துக்கு ஒரு டிரைவர்

அண்ணாகிராமத்து முந்திரி வியாபாரி பழனிவேல், எனக்குத் தூரத்து மாமா. கார் ஓட்டும்போது எந்தக் கோயிலையும் சும்மா விடமாட்டார். அம்மனோ, அய்யனாரோ, வேப்பமரத்தடியில் மஞ்சள் துணி சுற்றிய கல்லோ, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிவிடுவார். ஒத்தைக் கையால் கும்பிட்டால் சாமிக்கு மரியாதை இல்லையாம்.

அதனால் தனக்கோடி அத்தை அந்தக் காரில் ஏறுவதையே நிறுத்திவிட்டார். அண்ணாமலை நகரில் இருக்கும் மகளைப் பார்க்க மாமா காரில் போவார், அத்தை பஸ்ஸில் போவார். "என்னப்பா, வூட்ல சண்டையா?" என்று ஊரே கேட்டது. மாமாவுக்கு அதுதான் தாங்கவில்லை. பெண்டாட்டி ஏறுகிற மாதிரி ஒரு கார் வாங்க, நான் வேலை பார்க்கும் கடலூர் ஷோரூமுக்கு அத்தையோடு வந்தார்.

எங்கள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். சும்மாவா? ரேடார், கேமரா, தானாகப் பிரேக் பிடிப்பது என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

"அதெல்லாம் கெடக்கட்டும் மாப்ள. நான் கும்புடற நேரத்துக்கு வண்டி தானா நேரா போவுமா?"

"கோடு போட்ட ரோட்டுல கொஞ்சம் போவும் மாமா. ஆனா கைய எடுக்கக் கூடாதுன்னு கம்பெனியே சொல்லுது."

"கொஞ்சம் போதும். நான் என்ன அர்ச்சனையா பண்ணப்போறேன்?"

ஓட்டிப்பார்க்கக் கிளம்பினோம். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு மாரியம்மன் கோயில். மாமா கையைத் தூக்கினார். வண்டி நேராகத்தான் போனது.

"பாத்தியாடி!" என்று பின்சீட்டைப் பார்த்துச் சிரித்தார்.

உடனே வண்டி கையை வைக்கச் சொல்லிக் கீக்கீ என்று கத்தியது. பாதிக் கும்பிட்டில் அவர் கையை இறக்குவாரா? முன்னால் ரோட்டில் உளுந்துச் செடி காயப்போட்டிருந்தார்கள். அது மூடியதில் ரோட்டுக் கோடே தெரியவில்லை. வண்டி ஓரமாகச் சாய, பக்கத்து சீட்டிலிருந்து நான் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

வண்டி நின்றதும் அத்தை இறங்கினார். பஸ் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். முன்கதவைத் திறந்து, "எறங்குய்யா" என்றார் மாமாவிடம். பிறகு என்னிடம், "தம்பி, எனக்கு ஸ்கூட்டிதான் தெரியும். அதுமாதிரி கியர் போடாத கார் இருக்கா?"

"இருக்கு அத்த. இதவிட வெல கம்மி."

"அதப் போடு. நான் லைசென்ஸ் எடுத்துக்கறேன். இந்த ஆளு பக்கத்துல குந்திக்கினு கும்புடட்டும்."

"நீ ஓட்டி நான் குந்தினா ஊரு சிரிக்காதா?"

"இப்ப மட்டும் அழுவுதா?"

இப்போது இருவரும் ஒரே காரில்தான் மகள் வீட்டுக்குப் போகிறார்கள். அத்தை ஓட்டுகிற வேகத்தில் பாதிக் கோயில் கண்ணிலேயே படுவதில்லை என்பதுதான் மாமாவின் குறை.