மீட்டிங்கில் என் முகம் வரவில்லை

குமாரபாளையத்தில் ஒரு பெட்ஷீட் கம்பெனியில் ஆர்டர் பிடிக்கும் வேலை எனக்கு. புது லேப்டாப் கொடுத்த அன்றே மும்பை வியாபாரியுடன் வீடியோ மீட்டிங். துணியைக் கண்ணால் பார்த்தால்தான் ஆர்டர் என்று சொல்லியிருந்தார்.

திறந்தால் அவர் முகம் தெரிகிறது, என் பக்கம் வெறும் இருட்டு. செட்டிங்ஸில் தெரிந்ததையெல்லாம் மாற்றினேன், தெரியாததையும் மாற்றினேன். ஆப்பை அழித்து மறுபடி ஏற்றினேன். மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தேன். கை ஓய்ந்ததுதான் மிச்சம். பத்து நிமிடம்தான் பொறுப்பேன் என்று அவர் போனில் சொல்லிவிட்டார். வைரஸ்தான் என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் அழிக்கும் ரீசெட் பட்டன் வரை போய்விட்டேன்.

பக்கத்து சீட் மலர்க்கொடி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, இந்தப் பொட்டு வெச்சது நீங்கதானுங்களா?"

"ஆமாம்மா, புது மெஷினாச்சேன்னு காலைல பூஜை போட்டேன்."

"நெத்தின்னு நெனச்சு கேமரா மேலயே சந்தனத்த அப்பியிருக்கீங்க. அந்த மனுசன் எப்படிங்க பாப்பாரு?"

ஈரத்துணியால் அவர் ஒரு துடை துடைத்ததும் திரையில் என் மூஞ்சி வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை, ஆனாலும் ஆர்டர் கிடைத்தது.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் நான் எந்தப் பட்டனையும் தொடுவதில்லை. காலையிலிருந்து அதை நான் என்னென்ன செய்தேன் என்று முதலில் மலர்க்கொடியிடம் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.